எட்டு வந்தால் சனியா? டாரட் சீட்டில் எண் படிப்பது பற்றி ஓர் இழை

கேள்வி (ஒரு வாசகி) – 3 பிப்ரவரி 2024, இரவு 9.12

டாரட் தெரிந்தவங்க யாராவது சொல்லுங்க. நான் பிறந்தது 17-ஆம் தேதி, அதாவது எட்டாம் எண். இப்ப இருக்கிற வேலையை விடலாமா என்று தோழி ஒருத்தியிடம் சீட்டுப் பார்த்தேன். மூணு சீட்டு எடுத்தாள். கோப்பை 8, ஸ்ட்ரெங்த், கோல் 8. ஸ்ட்ரெங்த்தும் எட்டாம் நம்பர்தானாம். "மூணும் எட்டு, நீயும் எட்டு, சனி உன்னைப் பிடிச்சு உட்கார வெச்சிருக்கார், ஒரு வருஷம் அசையாதே" என்கிறாள். டாரட்டில் 8 என்றால் சனிதானா? எண்ணுக்கு அர்த்தம் எங்கே எழுதியிருக்கு?

பதில் – 3 பிப்ரவரி, இரவு 10.05

இல்லை. உங்கள் தோழி கையில் இருந்தது டாரட் சீட்டு, வாயில் வந்தது எண்கணிதம்.

1 சூரியன், 2 சந்திரன், 3 குரு, 4 ராகு, 5 புதன், 6 சுக்கிரன், 7 கேது, 8 சனி, 9 செவ்வாய். பேருந்து நிலையப் புத்தகக் கடைவரை வந்துவிட்ட இந்த வரிசை கீரோ என்ற ஐரிஷ் கைரேகை, எண்கணிதக்காரர் வழியில் வந்தது. அவர் 4-க்கு யுரேனஸும் 7-க்கு நெப்டியூனும் வைத்திருந்தார். நம்மவர்கள் அந்த இரண்டு நாற்காலியிலும் ராகு, கேதுவை உட்கார வைத்தார்கள்.

டாரட்டுக்கு இன்று பலரும் பின்பற்றும் அட்டவணை, 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற ரகசியச் சங்கத்தார் வகுத்தது. யூதர்களின் மறைஞான மரபான கப்பாலாவில் பத்துப் படி உண்டு. 1 முதல் 10 வரையுள்ள சீட்டுகளை அந்தப் படிகளில் ஏற்றினார்கள். 3 சனி, 4 குரு, 5 செவ்வாய், 6 சூரியன், 7 சுக்கிரன், 8 புதன், 9 சந்திரன், 10 பூமி. முதல் இரண்டுக்கும் கிரகமே கிடையாது.

இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு எண்கூட ஒத்துப்போகாது. சனிக்குப் பயப்படுவதாக இருந்தால் 3 வரும்போது பயப்படுங்கள்.

(டாரட் கட்டில் 78 சீட்டு. அதன் நான்கு வகைகளையும் கோல், கோப்பை, வாள், காசு என்றே எழுதுகிறேன். வாண்ட்ஸ், கப்ஸ், ஸ்வார்ட்ஸ், பென்டக்கிள்ஸ் என்று பழகியவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். மேஜர் சீட்டு 22-ஐயும் துருப்பு என்கிறேன். ஆட்டத்தில் அவை துருப்புச் சீட்டுதான். மீதி எல்லாம் சின்னச் சீட்டு.)

4 பிப்ரவரி, காலை 7.40

ராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஸ்ட்ரெங்த்தை விட்டுவிட்டேன். அதுதான் இதில் சுவையான பகுதி.

உங்கள் தோழியிடம் இருப்பது ரைடர் கட்டு, அல்லது அதைப் பார்த்து வரைந்த ஏதோ ஒன்று. 1909-இல் லண்டனில் வந்தது. யோசனை ஆர்தர் எட்வர்ட் வெயிட், படம் பமேலா கோல்மன் ஸ்மித். அதில்தான் ஸ்ட்ரெங்த் (சிங்கத்தைப் பிடித்திருக்கும் பெண்) 8, ஜஸ்டிஸ் (தராசு ஏந்திய பெண்) 11. அதற்கு முன்பு பிரெஞ்சுக்காரர்கள் புழங்கிய மார்செய் கட்டில் நேர் தலைகீழ்: ஜஸ்டிஸ் 8, ஸ்ட்ரெங்த் 11.

ஏன் மாறியது? கோல்டன் டான்காரர்கள் 22 துருப்பையும் 22 எபிரேய எழுத்தோடு சேர்த்தார்கள். பன்னிரண்டு எழுத்துக்கு பன்னிரண்டு ராசி. எழுத்து வரிசைப்படி போனால் சிம்மம் முன்னால், துலாம் பின்னால். ஆனால் மார்செய் வரிசையில் தராசு முன்னால் நிற்கிறது, சிங்கம் பின்னால் நிற்கிறது. சிங்கத்தைத் துலாத்திலும் தராசைச் சிம்மத்திலும் வைக்க மனசு வருமா? இரண்டையும் இடம் மாற்றினார்கள். வெயிட் அந்தச் சங்கத்து ஆள். தன் விளக்க நூலில், தனக்குத் திருப்தியான காரணங்களால் மாற்றியதாக ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்.

பிறகு அலெய்ஸ்டர் கிரவுலி என்ற ஆங்கில மாந்திரீகர் தாத் என்ற தன் கட்டில் பழைய எண்களையே திருப்பிப் போட்டார். 8 தராசுக்காரி, 11 சிங்கம். ஆக உங்கள் "மூன்றாவது எட்டு" எந்தக் கடையில் எந்தக் கட்டு வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

4 பிப்ரவரி, காலை 7.52

இதையும் இப்பவே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். ஜஸ்டிஸ் துலாம். துலாத்தில் சனி உச்சம். எனவே மார்செய் கட்டில் 8 வந்தால் சனி. சனியை விடவே மாட்டேன் என்று அடம்பிடிப்பவருக்கு எந்தக் கட்டிலும் வழி உண்டு.

4 பிப்ரவரி, மாலை 6.20

"ஆதியில் துருப்புக்கு எண் போட்டவர் யார், அவர் என்ன நினைத்துப் போட்டார்" என்று கேட்டிருக்கும் தம்பிக்கு.

ஆதியில் எண்ணே இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் மிலான் பிரபுக்களுக்காகத் தங்கத்தகடு ஒட்டி வரைந்த விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ட்ஸா சீட்டுகளில் துருப்பின் மேல் எண்ணும் கிடையாது, பெயரும் கிடையாது. எது எதை வெட்டும் என்பது ஆடுகிறவர் தலைக்குள் இருந்தது. அதுவும் ஊருக்கு ஊர் வேறு. மைக்கேல் டம்மெட் என்ற இங்கிலாந்துத் தத்துவப் பேராசிரியர் இந்த வரிசைகளை உட்கார்ந்து பிரித்து மூன்று குடும்பமாக்கினார். ஃபெராரா பக்கத்து வரிசையில் ஜஸ்டிஸ் கிட்டத்தட்ட உச்சியில், வேர்ல்ட் சீட்டுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. ஒரே சீட்டு ஓர் ஊரில் நடுவில், இன்னோர் ஊரில் உச்சியில். அதற்குப் "பிரபஞ்ச எண்" என்று ஒன்று இருந்தால் அதை எந்த ஊரில் போய்த் தேடுவது?

சீட்டில் எண் அச்சடித்தது ஆட்டக்காரர் வசதிக்கு. குறி சொல்ல இல்லை. டாரட்டை வைத்து ரகசியம் படிப்பது 1781-இல் கூர் தெ ஜெபலன் என்ற பாரிஸ்காரர் இது எகிப்தியர் ஞானம் என்று எழுதிய பிறகு பிடித்த மோகம். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியது 1822-இல். ஜெபலன் எழுதியபோது அந்த எழுத்தில் ஒரு வரி படிக்கத் தெரிந்தவர் ஐரோப்பாவில் இல்லை. தைரியம் வேண்டும்.

4 பிப்ரவரி, இரவு 11.15

சின்னச் சீட்டின் எண்ணுக்கும் அதே கதைதான். ஆட்டத்தைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் தூக்கம் வராது.

பழைய இத்தாலிய டாரட் ஆட்டத்தில் வாளிலும் கோலிலும் 10 பெரியது, 1 சிறியது. கோப்பையிலும் காசிலும் நேர்மாறு, 1 பெரியது, 10 சிறியது. கோப்பை 2 வைத்தால் கோப்பை 9 விழும். அதாவது "1 விதை, 10 முழுமை" என்று எல்லாச் சீட்டு வகுப்பிலும் சொல்லித்தருகிற ஏறுவரிசை, இந்தச் சீட்டை முதலில் கையில் பிடித்தவர்களுக்குப் பாதிக் கட்டில் இறங்குவரிசை. போலோன்யா ஊரில் இன்றும் ஆடும் கட்டில் 62 சீட்டுதான். நான்கு வகையிலும் 2, 3, 4, 5 கிடையாது.

யாழ்ப்பாணத்தில் 304 என்ற சீட்டாட்டம் ஆடியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே ஜாக்கிக்கு 30 புள்ளி, 9-க்கு 20, ஏஸ் வெறும் 11, ராஜாவுக்கு 3. ஒன்பதைக் கையில் வைத்திருக்கிறவன் ராஜாவைப் பார்த்துச் சிரிப்பான். எனக்கு 304 சொல்லித்தந்த மாமா முதலில் சொன்னதே "நம்பரைப் பார்க்காதே, ஆட்டத்தைப் பார்" என்றுதான். பின்னாளில் டாரட் கட்டு வாங்கியபோது இந்த ஒரு வரி எனக்கு எந்தப் புத்தகத்தையும்விட அதிகம் உதவியது.

6 பிப்ரவரி, மதியம் 1.30

இன்று உணவு இடைவேளையில் பார்த்தால் இழை "ஐந்து"க்குத் தாவியிருக்கிறது. "ஐந்து எல்லாமே கெட்டது, அதுவாவது நிச்சயம்" என்கிறார் ஒருவர்.

ரைடர் கட்டின் படங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கோல் 5-இல் ஐந்து பையன்கள் கட்டையால் அடித்துக்கொள்கிறார்கள். கோப்பை 5-இல் கறுப்புப் போர்வைக்காரர் கவிழ்ந்த மூன்றையே பார்த்து நிற்கிறார், பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டு அவர் கண்ணில் படவில்லை. வாள் 5-இல் ஒருவன் அடுத்தவன் வாளைப் பொறுக்கிக்கொண்டு இளிக்கிறான். காசு 5-இல் பனியில் இரண்டு பேர், கோயில் சன்னல் வெளிச்சத்தைத் தாண்டி நொண்டிக்கொண்டு போகிறார்கள். கப்பாலாவில் ஐந்தாம் படி கண்டிப்பு, கிரகம் செவ்வாய். படம் அதற்குப் பொருந்துகிறது.

இப்போது வெயிட் எழுதிய அதே விளக்க நூலின் கடைசிப் பக்கங்களுக்கு வாங்க. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் என்ன பலன் என்று பட்டியல் கொடுத்திருக்கிறார். நான்கு ஐந்தும் சேர்ந்து வந்தால்? "ஒழுங்கு." மூன்று ஐந்து: மன உறுதி. இரண்டு ஐந்து: கண்விழிப்பு. சண்டை, இழப்பு, தோல்வி, வறுமை நான்கையும் ஒன்றாகக் கூட்டினால் ஒழுங்கு வருகிறதாம். ஒரே ஆள், ஒரே புத்தகம்.

பட்டியலில் எட்டையும் பார்த்துவிடலாம். நான்கு எட்டு: பின்னடைவு. மூன்று எட்டு: கல்யாணம். இரண்டு எட்டு: புதிய அறிவு.

வாசகிக்கு வந்தது சின்னச் சீட்டில் இரண்டு எட்டு, துருப்பில் ஒன்று. துருப்பை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் கல்யாணம், சேர்க்காவிட்டால் புதிய அறிவு. இரண்டும் ஒரே வருஷத்தில் வருவதும் உண்டு.

6 பிப்ரவரி, இரவு 9.50

மதியம் எழுதியது கிண்டலாகப் போய்விட்டது. வெயிட் பட்டியலை நான் பயன்படுத்துவதே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். "இரண்டு நான்கு: தூக்கமின்மை" என்று ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் ஒருத்தருக்குச் சீட்டுப் போட்டபோது வாள் 4-உம் காசு 4-உம் வந்தன. வாள் 4 கல்லறை மேல் படுத்திருக்கும் வீரன், ஓய்வுச் சீட்டு. காசு 4 கஞ்சன், காசைக் கட்டிப்பிடித்திருப்பவன். "தூங்குறீங்களா?" என்று கேட்டேன். வீட்டுக்கடன் கதை முழுவதும் வந்தது.

பட்டியல் பலித்தது என்று சொல்ல மாட்டேன். படுத்திருப்பவன் ஒருத்தன், காசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் ஒருத்தன். இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்த்தால் தூக்கம் பற்றிக் கேட்க எண் தேவையா? ஆனால் அன்று அந்தக் கேள்வியை என் வாயில் வைத்தது பட்டியல்தான். இதில் எனக்கே இரண்டு மனசு.

9 பிப்ரவரி, காலை 6.10

"டாரட்டில் 8 சனி இல்லை" என்று முதல் குறிப்பில் ஒரே போடாகப் போட்டேன். அந்த வரியை நிமிர்த்தியே வைத்திருக்கிறேன், ஆனால் பக்கத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். கோப்பை 8-இல் சனி இருக்கிறார். வேறு வாசல் வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கோல்டன் டான் ஆட்கள் கப்பாலாவோடு நிற்கவில்லை. ஏஸ் நான்கையும் ஒதுக்கிவிட்டு 2 முதல் 10 வரை எடுத்தால் வகைக்கு ஒன்பது, மொத்தம் 36. ராசிச் சக்கரம் 360 பாகை. சீட்டுக்குப் பத்துப் பாகை. ராசிக்கு மூன்று சீட்டு. நம்ம ஜோதிடம் படித்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள், ஏனென்றால் இது அப்படியே திரேக்காணம்.

எண் எப்படி விழுகிறது என்று பாருங்கள். 2, 3, 4 சர (நகரும்) ராசிக்கு. 5, 6, 7 ஸ்திர (நிலையான) ராசிக்கு. 8, 9, 10 உபய (இரண்டும் கலந்த) ராசிக்கு. கோல் நெருப்பு: மேஷம், சிம்மம், தனுசு. கோப்பை நீர்: கடகம், விருச்சிகம், மீனம். வாள் காற்று: துலாம், கும்பம், மிதுனம். காசு நிலம்: மகரம், ரிஷபம், கன்னி.

ஆகவே நான்கு எட்டும் நான்கு உபய ராசியின் முதல் திரேக்காணம். தனுசு, மீனம், மிதுனம், கன்னி. இப்போது திரேக்காண அதிபதி. நம்ம முறையில் முதல் பத்துப் பாகை அந்த ராசிக்காரருக்கே, அடுத்தது ஐந்தாம் ராசிக்காரருக்கு, மூன்றாவது ஒன்பதாம் ராசிக்காரருக்கு. அவர்கள் முறை அது இல்லை. மேஷத்தின் முதல் பத்தில் செவ்வாயை வைத்து, சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, மறுபடி செவ்வாய் என்று சுற்றிக்கொண்டே போகிறார்கள். எங்கேயோ பார்த்த வரிசையாகத் தோன்றுகிறதா? தினசரி காலண்டர் தாளைத் திருப்புங்கள். ஓரை வரிசை.

இப்படிச் சுற்றினால் கோல் 8 புதன், கோப்பை 8 சனி, வாள் 8 குரு, காசு 8 சூரியன். வாசகியின் இரண்டு எட்டில் ஒன்று புதன், ஒன்று சனி.

36-ஐ ஏழு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்து, ஒன்று மிச்சம். மிச்சம் செவ்வாய்க்கு. மேஷத்தில் தொடங்கிய செவ்வாயே மீனத்தின் கடைசியிலும் வந்து முடிக்கிறார். அது எந்தச் சீட்டு தெரியுமா? கோப்பை 10. வானவில், கணவன் மனைவி, குதிக்கிற பிள்ளைகள், பக்கத்தில் வீடு. அந்தக் குடும்பப் படத்துக்கு அதிபதி செவ்வாய்! படம் ஒன்று சொல்ல அட்டவணை வேறொன்று சொல்கிற இந்த மாதிரி இடம் வந்தால் நான் படத்தின் பக்கம் போய்விடுவேன். அட்டவணைக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

9 பிப்ரவரி, காலை 6.25

எச்சரிக்கை. "என் ஜாதகத்தில் இந்தப் பாகையில் இந்தக் கிரகம், அப்ப என் சீட்டு இது" என்று இறங்காதீர்கள். இணையத்தில் சீட்டுக்குத் தேதி போட்டு வருகிற அட்டவணைகள் சாயனக் கணக்கில், அதாவது மேற்கத்திய முறையில் இருப்பவை. நம்ம பஞ்சாங்கம் நிராயனம். இரண்டுக்கும் இப்போது சுமார் 24 பாகை வித்தியாசம். சீட்டுக்குப் பத்துப் பாகைதான். இரண்டு சீட்டுக்கு மேல் தள்ளிப் போய்விடும்.

9 பிப்ரவரி, மாலை 7.00

சனி என்றதும் முகம் மாறுகிறவர்களுக்கு ஒரு தகவல். அதே சங்கத்தார் துருப்பில் சனியை எந்தச் சீட்டுக்குக் கொடுத்தார்கள்? 21, வேர்ல்ட். மாலை வட்டத்துக்குள் பெண் நடனமாடும் கடைசித் துருப்பு. எடுத்த காரியம் முடிந்தது என்று எல்லாரும் சந்தோஷமாகச் சொல்லும் சீட்டு. சனிதான்.

11 பிப்ரவரி, மதியம் 12.45

ஞாயிறு. நேரம் இருக்கிறது. பிறந்த தேதியைக் கூட்டித் துருப்பு எடுப்பது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

எல்லாருக்கும் தெரிந்த தேதியை எடுத்துக்கொள்வோம்: 15-8-1947. ஒரு வழி, 15 + 8 + 1947 = 1970. இலக்கங்களைக் கூட்டினால் 1+9+7+0 = 17. ஸ்டார். இன்னொரு வழி, எல்லா இலக்கத்தையும் தனித்தனியாக: 1+5+8+1+9+4+7 = 35. 22-க்கு மேல் போய்விட்டதால் 3+5 = 8. ஸ்ட்ரெங்த். தேதி ஒன்று, கூட்டுகிற பழக்கம் இரண்டு, சீட்டு இரண்டு. அந்த 8-ஐ மார்செய் கட்டில் தேடினால் ஜஸ்டிஸ். மூன்றாவது சீட்டு.

முதல் வழிக்காரர்கள் 17-ஐ மேலும் சுருக்கி 8-ஐயும் சேர்த்துக்கொள்வார்கள், ஸ்டாரும் ஸ்ட்ரெங்த்தும் ஜோடி என்பார்கள். எப்படிக் கூட்டினாலும் கடைசி ஒற்றை இலக்கம் மாறாது, அது ஒன்பதால் வகுத்த மீதி, பள்ளிக் கணக்கு. நடுவில் எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாப் பலனும் இருக்கிறது.

வாசகி 17-ஆம் தேதிக்காரர். எண்கணிதக்காரர் உடனே 1+7=8 என்று சனிக்குப் போகிறார். டாரட்காரர் 17-இலேயே நின்றால் ஸ்டார்.

இதை முழுக்கத் தூக்கி எறியவும் முடியவில்லை. 15 டெவில், 1+5 = 6 லவ்வர்ஸ். ரைடர் கட்டில் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். மேலே ஒரு பெரிய உருவம், கீழே ஆணும் பெண்ணும். லவ்வர்ஸில் தேவதை, டெவிலில் சங்கிலி. கண்ணை மூடிக்கொண்டு வந்த பொருத்தம் இல்லை, வேண்டுமென்றே அப்படி வரைந்தது. மார்செய் லவ்வர்ஸில் ஓர் ஆள் இரண்டு பெண்களுக்கு நடுவில் முழிக்கிறான், மேலே மன்மதன் அம்போடு. அங்கே இந்த ஜோடி அவ்வளவு கச்சிதம் இல்லை. எண்ணைக் கூட்டிச் சுருக்குவது எங்கே வேலை செய்யும் என்றால், வரைந்தவர் அதை மனத்தில் வைத்து வரைந்த இடத்தில்.

பமேலா ஸ்மித் அந்த வேலையை முடித்த கையோடு, பெரிய வேலை, கிடைத்த காசு ரொம்பக் கொஞ்சம் என்று ஸ்டீக்லிட்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞருக்குக் கடிதம் எழுதினார். இன்று உலகம் முழுக்க விற்கிற கட்டு.

11 பிப்ரவரி, மாலை 5.30

பதின்மூன்று பற்றிக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மார்செய் கட்டில் பெரும்பாலும் 13-ஆம் சீட்டுக்கு (ரைடர் கட்டில் டெத்) எண் மட்டும் போட்டுப் பெயரை எழுதாமல் விட்டிருப்பார்கள். எலும்புக்கூடு, அரிவாள், எண், அவ்வளவுதான். பெயர் இல்லாததால் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பெயரில்லாச் சீட்டு என்றே சொல்வது உண்டு. மாறாக ஃபூல் (முட்டாள்) என்ற துருப்புக்குப் பெயர் உண்டு, எண் இல்லை.

13-க்கான பயம் அவர்கள் பயம். நம்மூரில் வண்டி எண் கூட்டினால் எட்டு வரக்கூடாது, அதுதான் நம் பயம். சில வீடுகளில் காரியம் முடிந்து பதின்மூன்றாம் நாள் சுபம், பாயசத்தோடு சாப்பாடு. அந்த வீட்டுப் பாட்டி ஒருவருக்கு 13-ஆம் சீட்டைக் காட்டினேன். எலும்புக்கூட்டைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தார். "தீட்டுக் கழிஞ்சாச்சா" என்றார். மேற்கத்திய விளக்க நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் கிட்டத்தட்ட அதையேதான்: முடிந்தது, இனி அடுத்தது.

14 பிப்ரவரி, இரவு 10.30

வாசகி மறுபடி எழுதியிருக்கிறார்: "வரலாறு எல்லாம் சரி, என் சீட்டுக்கு நீங்க என்ன சொல்வீங்க?" நியாயம். வீட்டில் கட்டை எடுத்து நான்கு எட்டையும் தரையில் பரப்பிவிட்டு எழுதுகிறேன்.

ஓர் எண்ணைப் படிக்க நான் செய்வது இதுதான். அதே எண்ணின் நான்கு வகையையும், முந்தைய எண்ணின் நான்கையும் எதிரெதிரே வைப்பேன். ஏழில் எல்லாரும் திகைத்து நிற்கிறார்கள். கோல் 7 மேட்டில் நின்று ஆறு பேரைச் சமாளிக்கிறான். கோப்பை 7 மேகத்தில் மிதக்கும் ஆசைகளைப் பார்த்து வாய்பிளக்கிறான். வாள் 7 ஐந்தைத் தூக்கிக்கொண்டு இரண்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். காசு 7 மண்வெட்டிமேல் சாய்ந்து விளைச்சலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். எட்டுக்கு வந்தால் கோல்கள் காற்றில் பறக்கின்றன. கோப்பை 8-இல் ஆள் இரவில் நடந்து போய்க்கொண்டிருக்கிறான். காசு 8-இல் பயிற்சிக்காரன் உளியும் கையுமாகக் குனிந்து வேலை செய்கிறான். மூன்றிலும் ஏதோ நகர்கிறது. வாள் 8 மட்டும் இடிக்கிறது: கண்ணும் கையும் கட்டிய பெண், சுற்றி வாள்கள். இந்த ஒன்றை மற்ற மூன்றோடு சேர்த்துவைக்க அழகான வாக்கியம் கிடைக்காதா என்று நிறைய முயன்றிருக்கிறேன். "நகர வேண்டிய இடத்தில் நகரவில்லை" என்று சிலர் மழுப்புவார்கள். எனக்குச் சரிப்படவில்லை. அது இடிக்கட்டும்.

உங்கள் மூன்று சீட்டு. கோப்பை 8-ஐ உற்றுப் பாருங்கள். கீழே ஐந்து, மேலே மூன்று, மேல்வரிசையில் ஓர் இடைவெளி. உடைந்த கோப்பை ஒன்றுகூட இல்லை. வேலை மோசமில்லை, ஆனால் ஏதோ ஒன்று அங்கே நிரம்பவே இல்லை, அதனால் முகம் திரும்பிவிட்டது. கோல் 8-இல் ஆளே கிடையாது, செய்தி பறந்து வருகிறது: அழைப்பு, மின்னஞ்சல், பதில். நடுவில் ஸ்ட்ரெங்த்: பெண் சிங்கத்தின் வாயைப் பிடித்திருக்கிறாள், வெறும் கையால், அவசரமில்லாமல்.

"அசையாதே" என்பது இந்த மூன்றில் எங்கேயும் எழுதியில்லை. அட்டவணை பிரகாரம் பார்த்தாலும் எட்டு உபய ராசி. உட்காரச் சொல்வதாக இருந்தால் ஸ்திரத்தில் 5, 6, 7 வந்திருக்க வேண்டும். அதற்காக நாளைக் காலையில் ராஜினாமா கடிதம் கொடுக்கச் சொல்லவில்லை. நடுச் சீட்டு இருக்கிறதே. விண்ணப்பங்களை அனுப்புங்கள், பதில் வரட்டும், அதுவரை மேலதிகாரியிடம் வாயை விடாதீர்கள். சிங்கம் யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

14 பிப்ரவரி, இரவு 10.41

விட்டுப்போனது. எத்தெய்யா என்று 18-ஆம் நூற்றாண்டு பாரிஸில் ஒருவர் இருந்தார். அலியெத் என்ற தன் பெயரைத் திருப்பிப் போட்டு எத்தெய்யா ஆக்கிக்கொண்டவர். குறி சொல்வதற்கென்றே டாரட் கட்டு வெளியிட்டார், 78 சீட்டுக்கும் தன் இஷ்டப்படி 1 முதல் 78 வரை தொடர் எண் போட்டார். அவர் கட்டில் 1-ஆம் சீட்டு, கேள்வி கேட்க வந்த ஆண். 8-ஆம் சீட்டு என்ன தெரியுமா? கேள்வி கேட்க வந்த பெண்.

வாசகி, அது நீங்கள்தான். சனி இல்லை.

17 பிப்ரவரி, மாலை 4.15

மார்செய் கட்டில் எண் இல்லாத ஃபூலுக்கு ரைடர் கட்டில் பூஜ்யம். அது வரிசையில் எங்கே நிற்கும் என்ற சண்டை நான் இல்லாத இரண்டு நாளில் நன்றாக வளர்ந்திருக்கிறது. எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சு மறைஞான எழுத்தாளர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை 20-க்கும் 21-க்கும் நடுவில் செருகினார். கோல்டன் டான் ஆட்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுவந்து முதல் எழுத்தைக் கொடுத்தார்கள். ஒரு சீட்டு இடம் மாறியதில் 1 முதல் 20 வரையுள்ள துருப்பு இடங்களுக்கு எல்லாம் எழுத்து ஒரு படி தள்ளிப்போனது. லெவி வழியில் மஜிஷியன் முதல் எழுத்து, இவர்கள் வழியில் இரண்டாவது. எனவே "எபிரேய எழுத்துப்படி இந்தச் சீட்டுக்கு இந்த எண் பலம்" என்று யாராவது சொன்னால், யார் வழி என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

ஆட்டக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பிரான்சில் இன்றும் வீடுகளில் ஆடுகிற டாரட்டில் அந்தச் சீட்டுக்குப் பெயர் "மன்னிப்பு". கேட்ட வகையைப் போட மனமில்லையா, அதை வைத்துவிட்டுத் தப்பிக்கலாம். அது எதையும் வெட்டாது, வெட்டுப்படாது, பெரும்பாலும் உங்களிடமே திரும்பிவிடும். கடைசிச் சுற்றுவரை பதுக்கி வைத்தால் பறிபோகும். துருப்பு 1 அங்கே இருப்பதிலேயே பலவீனமான துருப்பு, எந்தத் துருப்பும் அதை வெட்டும். ஆனால் துருப்பு 21, மன்னிப்புச் சீட்டு இரண்டோடு சேர்த்து இதற்கும் பெருமதிப்பு. மொத்தம் 91 புள்ளி. ஏலம் எடுத்தவர் பிடித்த சீட்டுகளில் இந்த மூன்றும் இருந்தால் 36 எடுத்தால் ஜெயிப்பு, ஒன்றும் இல்லாவிட்டால் 56 எடுக்க வேண்டும்.

17 பிப்ரவரி, மாலை 4.32

பேஜ், நைட், குயின், கிங் நான்குக்கும் 11, 12, 13, 14 என்று எண் போட்டு அதையும் கூட்டிச் சுருக்கலாமா என்று கேட்டவருக்கு: 13-ஆக வரும் குயினைப் பார்த்து டெத் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கிறது என்று இங்கே எழுதுங்கள். ராஜா ராணி சீட்டுகளுக்குத் தனி இழை தொடங்குவது நல்லது. இது ஏற்கெனவே நீண்டுவிட்டது.